ஒரு நாளைக்கு ஆறு சேலை

எங்கள் நகரில் அந்த அக்காவுக்கு 'ஆறு சேலை' என்று பெயர். சொந்தப் பெயர் வேறு இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. தன் வீட்டு விஷயம் வெளியே போவதை அவர் விரும்பியதே இல்லை. இவ்வளவு எழுதுவதே அதிகம். பட்டப்பெயர் வைத்தது யார் என்று இன்றைக்குக் கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் வைக்கவில்லை. ஆனால் முதல்முறை காதில் விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

தினமும் காலை ஏழரைக்கெல்லாம் அவர் வீட்டு முன்புறத்தில் ஆறு சேலைகள் காய ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமை, அமாவாசை எதுவும் கணக்கில்லை. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர், அவரும் அவர் கணவரும். கணவர் வெளியே தலைகாட்டுவதில்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு சேலை எப்படி அழுக்காகும்? கல்யாண வீட்டில்கூட ஒருத்தி மூன்று சேலைதான் மாற்றுவாள். இதைப் பற்றிப் பேசிப் பேசியே எங்கள் நகர்ப் பெண்கள் பாதி சாயங்காலங்களைக் கழித்தோம். வசதியைக் காட்டுகிறார் என்றார் ஒருவர். கொஞ்சம் மூளை பிசகு என்றார் இன்னொருவர்.

அவர் கொடி கட்டியிருந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. போர்ட்டிகோத் தூணிலிருந்து காம்பவுண்டுச் சுவர்வரை நீல நைலான் கயிறு, வரிசையாக மூன்று. தெருப்பக்கக் கயிற்றில் சேலைகளைத் தரைவரைக்கும் இறக்கிவிடுவார். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சேலையைக் குறுக்கே போட்டு அடைப்பார். காற்றுக்குத் தூக்காமல் இருக்க ஒவ்வொரு சேலையின் கீழ் விளிம்பிலும் ஒரு செங்கல். கிளிப் போதாது என்று அங்கங்கே ஊக்கும் குத்துவார். இதற்கு அரை மணி நேரம் ஆகும். அது முடிந்த பிறகுதான் உள்ளேயிருந்து இன்னொரு வாளி வரும். அதில் இருப்பதைச் சேலைகளுக்குள் நுழைந்து, நடுக் கயிற்றில் குனிந்தபடியே காயப்போடுவார். அது என்ன துணி என்று தெருவில் போகிற யாருக்கும் தெரியாது.

துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர் கையை நம்ப மாட்டார். கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்பார். ஒவ்வொன்றையும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கன்னத்தில் அழுத்துவார். "கை பொய் சொல்லும்மா. எந்நேரமும் தண்ணில கெடக்குற கைக்கு ஈரம் எங்க தெரியப்போவுது?" என்பார்.

நான் அவருடைய பக்கத்து வீடு. என் பெயர் சுமதி. என் கணவர் அப்போது நகர் சங்கத்தின் செயலாளர். இப்போதும் அவர்தான், வேறு யாரும் ஏற்றுக்கொள்ள வரவில்லை.

நகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகிற சாலையில் இருபத்திரண்டு வீடுகள், கோபுரம் மாதிரி ஒரு நுழைவாயில், பிள்ளையார் ஒருவர், கூட்டம் போட ஒரு கூடம். நஞ்சை நிலமாக இருந்து, பட்டா மாறி, மனையான இடம். பாதி வீடுகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் கட்டிக் கொடுத்தவை. அப்பா அம்மா இருந்து காவல் காக்கிறார்கள். சங்கத் தலைவருக்கு அம்மாபேட்டைப் பக்கம் நிலம் உண்டு. தன் நெல்லில் ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டால் நாள் முழுக்க அங்கேயே நின்று சண்டை போடுவார். "மூணு நாள் வெயில் அடிக்கலன்னா வெவசாயி என்னய்யா பண்ணுவான்?" என்று அவர் கேட்டதை எங்களிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

அதே தலைவர்தான் எங்கள் நகரின் முதல் விதியைக் கொண்டுவந்தார். மதிலுக்கு அந்தப்பக்கம் பயிர் வைக்கிறவர் ஒருவர், குறுவை அறுத்ததும் எங்கள் புது சிமெண்டுச் சாலையில் நெல்லைக் காயப்போட்டார். கார் சறுக்குகிறது, தூசி வருகிறது, கோழி வருகிறது என்று சொல்லி அள்ளச் சொன்னோம். பாதி காய்ந்த நெல்லை அவரும் அவர் மனைவியும் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். நெல்லையே விரட்டியவர்கள் நாங்கள். சேலை எம்மாத்திரம்?

அக்காவின் வீடு நுழைவாயிலுக்கு நேர் எதிரே முதல் வீடு. தெற்குப் பார்த்த வீடு என்று ஒருவரும் வாங்காமல் கிடந்தது. அவர்தான் விரும்பி வந்தார். "தெற்கு வாசல்னா ஐப்பசியிலேர்ந்து தை வரைக்கும் பூரா வெயில் விழும்மா. வாஸ்து பாத்தவன் துணி தொவைக்காதவன்" என்றார். இப்படி ஒரு வாய் அவருக்கு உண்டு. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைப் பார்த்துவிட்டு, "இது தொவைக்குதா மெல்லுதா சுமதி?" என்று கேட்டார். காகத்தோடு தகராறு செய்வார். கொடியில் வந்து உட்கார்ந்தால், "உனக்கு அமாவாசைக்குத்தான சோறு வக்கிறேன், இன்னிக்கு என்ன வேலை?" என்று அதட்டுவார். சிரித்துப் பேசுவார், கிண்டல் செய்வார். வாசற்படிக்கு உள்ளே மட்டும் ஒருவரையும் விட மாட்டார். "அவருக்கு முட்டி வலி. தூங்குறாரு" என்று கதவை ஒருக்களித்துப் பிடித்தபடியே பேசி அனுப்பிவிடுவார்.

ஒரு வருடம் ஆடிக் காற்று பேயாக அடித்தது. செங்கல், ஊக்கு எதற்கும் அடங்காமல் நடுக் கயிற்றிலிருந்து ஒரு துணி பிய்த்துக்கொண்டு வந்து எங்கள் ரோஜாச் செடியில் மாட்டியது. எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி, ஒன்றரை முழச் சதுரம், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது. ஒரு விளிம்பில் பச்சைக் கரை. நல்ல வேட்டியைக் கிழித்த துண்டு. பிள்ளை பெற்றவளுக்கும், படுக்கையில் ஒருவரை வைத்துப் பார்த்தவளுக்கும் அது எதற்கான துணி என்று சொல்ல வேண்டியதில்லை. என் மாமனாருக்கு நானும் கடைசி மூன்று மாதம் கிழித்திருக்கிறேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியதும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவை முழுக்கத் திறந்தார்.

"உள்ள வா சுமதி. நீ பாத்துட்ட. இனிமே உன்கிட்ட என்ன மறைக்கிறது?"

உள்ளே அவர் கணவர் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நிலம் அளக்கிற சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அறை சுத்தமாக இருந்தது; வாடை என்று எதுவுமில்லை. தலைமாட்டில் அந்த வெள்ளைச் சதுரங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, கடையில் கைக்குட்டை அடுக்கியிருப்பதைப் போல.

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு பதினாறு ஆவும். பெரியவங்களுக்கு டயப்பர் விக்கிறாங்கல்ல, அதப் போட்டா தோலு செவந்து உரிஞ்சு போவுது. பருத்தித் துணிதான் போடணும், அதுவும் நல்லா வெயில்ல காஞ்ச துணியா இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார்.

"அப்ப அந்த ஆறு சேலை?"

"அது அழுக்குச் சேலை இல்லம்மா. சுத்தமா இருக்கறதத்தான் தெனம் தண்ணில முக்கிப் போடுறேன். காஞ்ச சேலையத் தொங்க விட்டா எதுக்குத் தொங்குதுன்னு கேப்பாங்கல்ல? ஈரமா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. மாடிக்குக் கொண்டு போனா இவரு கூப்புடறது காதுல விழாது."

"யார் பாத்தா என்னக்கா? சீக்குன்னு வந்தா எல்லார் வீட்டுலயும் இதுதான்."

"எனக்கு ஒண்ணுமில்ல. அவரு எப்புடி இருந்த ஆளுன்னு உனக்குத் தெரியாது. வரப்பு வரப்பா நடந்து அளந்துட்டு வந்தாலும் வேட்டில ஒரு சொட்டு சேறு இருக்காது. ஊர்க்காரங்க வேணும்னே பந்தயம் கட்டிப் பாப்பாங்க. இப்ப கிழிச்சுப் போட்டிருக்கறது பூரா அந்த வேட்டிதான். இத நாலு பேரு பாத்தா, அப்புறம் அவர நெனச்சா இந்தத் துணிதான் ஞாபகம் வரும். பாத்தவங்களுக்கு ஒரு நாள் பேச்சு. பாக்கப்பட்டவருக்கு ஆயுசுக்கும்."

படுக்கையிலிருந்து குழறலாக ஒரு சத்தம் வந்தது. அக்கா குனிந்து கேட்டுவிட்டு, "வெயில் வந்துடுச்சான்னு கேக்குறாரு. காலைலேர்ந்து நாலாவது தடவை" என்று எனக்குச் சொன்னார். "வந்துடுச்சுங்க, நல்ல வெயில்" என்று அவருக்குச் சொன்னார்.

நான் கிளம்பும்போது வாசலில் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. உன் வீட்டுக்காரர்ட்டயும் வேணாம்." சத்தியம் செய்தேன்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, கூட நிற்பது வேறு. ஒரு பொங்கலுக்கு நகரில் எல்லாரும் சேர்ந்து பானை வைத்தோம். அக்கா கால் மணி நேரம் வந்துவிட்டுப் போனார். கட்டியிருந்தது அந்த ஆறில் ஒன்று. வெயில் பட்ட பக்கம் வெளுத்தும் மடிந்திருந்த பக்கம் நிறத்தோடும் பட்டை பட்டையாக இருந்தது. "ஆறு இருக்கு, ஒண்ணாவது உருப்படியா இருக்கா பாரு" என்று தலைவரின் மனைவி என் காதில் சொன்னார். நான் பானையைக் கிளறிக்கொண்டே 'உம்' கொட்டினேன்.

அடுத்த ஆவணியில் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாயவரத்துக்காரர்கள், பையன் சிங்கப்பூரில். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கொடியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தால் அக்கா எடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் கஷ்டம் தெரிந்த ஒருத்தி நானே போய் எப்படிக் கேட்பது? கேட்கக் கூச்சப்பட்டவள் பிறகு செய்த காரியத்துக்குக் கூச்சப்படவில்லை.

கார் நுழைவாயிலைத் தாண்டியதும் அந்த ஆறு சேலைதான் முதலில் கண்ணில் படும். பையனின் அம்மா இறங்கும்போதே, "வாசல்லயே சாயப்பட்டறை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. பையனுக்கு ஏற்கனவே வேறு இடத்தில் மனசு இருந்தது என்று பிறகு தெரிய வந்தது. ஆனால் அந்த வாரம் என் கைக்கு அகப்பட்டது சேலைதான்.

காலையில் காபி கொடுக்கும்போது என் கணவரிடம் சொன்னேன். "அந்த ஆறு சேலைக்கு ஒரு வழி பண்ணுங்க. ஊர்ல எவனும் இந்த வாசலைத் தாண்டி வந்து நம்ம பொண்ணைப் பாக்க மாட்டான்."

ஆறு சேலை என்று நானே சொன்னேன். என் வாயால்.

புரட்டாசியில் கூட்டம் போட்டார்கள். என் கணவர் எழுதிய தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தார். நகரின் தோற்றத்தைக் கருதி, எந்த வீட்டின் முன்புறத்திலும், மொட்டைமாடியிலும், வெளியிலிருந்து தெரியும்படி கொடி கட்டித் துணி உலர்த்தக் கூடாது. அக்கா பெண்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தார். கூட்டங்களுக்கு வராதவர், அன்றைக்கு வந்திருந்தார்.

எட்டாம் நம்பர் வீட்டு டீச்சர் மட்டும் எழுந்தார். வேளாங்கண்ணி மாதா படம் வைத்த வீடு. அதிகம் பேசாதவர். "வெயில்ல துணி காயுறது ஒரு குத்தமாங்க? இதுக்கெல்லாமா தீர்மானம்?" என்றார்.

"வெயிலுக்கு யாரு டீச்சர் தடை போட்டா? பின்னாடி போட்டுக்கச் சொல்றோம்" என்றார் தலைவர்.

அக்கா எழுந்தார். "பின்பக்கம் வடக்குங்க. மதில் ஒசரம். இனி வர்ற மாசத்துல அங்க வெயிலே எறங்காது."

"மெஷின் வாங்கிக்கங்கம்மா. இப்பல்லாம் அதுலயே காஞ்சு வருது" என்றார் தலைவர்.

"அதுல முழுசா காயாதுங்க."

"அது சரி, நான் கேக்குறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு ஆறு சேலை எதுக்கும்மா?"

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அக்கா காத்திருந்தார். "எனக்குத் தொவைக்கறது புடிக்குங்க" என்றார். திரும்பவும் சிரித்தார்கள்.

தலைவர் நல்ல மனிதர்தான். ஒரு பெண்பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்தி வைத்துச் சிரித்தது அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது போல. இறங்கி வந்தார். "சரி, ஒண்ணு செய்யலாம். கைக்குட்டை, துண்டு, இந்த மாதிரி சின்னத் துணின்னா ஒரு ஸ்டாண்டுல போட்டு போர்ட்டிகோவுல வச்சுக்கட்டும். அத யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். இந்தச் சேலைங்கதான் தொங்கக் கூடாது. அதுதான் பாக்க நல்லால்ல." இதைவிட என்ன விட்டுக்கொடுக்க முடியும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்தக் கூடத்தில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை என்று சொல்ல முடியாது. சொல்லிவிடாதே என்ற பார்வையா, ஏதாவது சொல்லேன் என்ற பார்வையா என்று அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. நான் வளையலைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அப்ப சின்னத் துணி போடலாம், சேலை போடக் கூடாது" என்றார் அக்கா.

"ஆமாம்மா."

"வேணாங்க. நான் உள்ளயே போட்டுக்கறேன்."

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். தாள் வந்தது, கையெழுத்துப் போட்டேன். சத்தியம் வாங்கியிருந்தார், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். அது பச்சைப் பொய். காரணம் எதையும் சொல்லாமல் கையை மட்டும் தூக்காமல் இருந்திருக்கலாம். டீச்சருக்கு ஒரு காரணமும் தெரியாது, அவர் தூக்கவில்லை.

மறுநாள் காலை கொடியை அவிழ்க்க வாட்ச்மேனை அனுப்பினார்கள். "நீங்க இருங்க, இந்த முடிச்சு எனக்குத்தான் தெரியும்" என்று அக்காவே ஏணி போட்டு ஏறி மூன்று கயிறுகளையும் அவிழ்த்தார். முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றி, போர்ட்டிகோ ஆணியில் மாட்டினார். செங்கற்களைச் சுவரோரம் அடுக்கினார். ஆறு சேலைக்கும் வேலை முடிந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இடையில் நல்ல வெயில் நாட்களும் வந்தன. அவர் வீட்டு வாசலில் அந்த வெயில் சும்மா விழுந்து கிடந்தது. தை வரைக்கும் பூரா விழும் என்று சொல்லி வாங்கிய வெயில். உள்ளே கூடத்தில், சமையல்கட்டில், சாமி அறை வாசலில் என்று எங்கும் கயிறு. எந்நேரமும் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும். கரண்டு இருக்கிற நேரமெல்லாம் ஒவ்வொரு துண்டாக இஸ்திரி போட்டுக் காயவைப்பார். நான் போனபோது ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், திரும்பக் கயிற்றில் போட்டார். இன்னொன்றை எடுத்தார், அதையும் போட்டார். அந்த வீட்டில் முதல்முறையாக ஈர வாடை அடித்தது.

"எங்க மெஷின்ல போட்டுக் குடுக்கட்டுமாக்கா? பாதியாவது காஞ்சுடும்" என்றேன்.

"வேணாம்மா. உங்க துணி போடற எடத்துல இவரு துணிய எப்படிப் போடுறது? நீ கேட்டதே போதும்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை.

கார்த்திகையில் இடுப்புக்குக் கீழே புண் வைத்துவிட்டது. முதலில் ஒரு ரூபாய் அகலம். பிறகு உள்ளங்கை அளவு. காய்ச்சல் வந்த அன்று எங்கள் காரில்தான் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். என் கணவருக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரியும். டாக்டர் இளவயதுக்காரர், சலிப்பாகக் கேட்டார். "ஈரத் துணியாவே போட்டிருக்கீங்க போலருக்கே. காயவச்சுப் போடணும்னு சொல்லலையா யாரும்?"

என் கணவரும் நானும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம். தீர்மானத்தை எழுதியவரும், எழுதச் சொன்னவளும்.

"சொன்னாங்க டாக்டர். என் தப்புதாங்க" என்றார் அக்கா.

அவர் கணவர் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அன்றைக்கு மழை விட்டு, கழுவிவிட்ட மாதிரி வெயில் அடித்தது. நகர் முழுவதும் திரண்டு வந்தது. மாலை, பந்தல், நாற்காலி எல்லாவற்றுக்கும் தலைவர்தான் முன்னால் நின்றார். "முட்டி வலின்னுதான சொன்னாங்க, இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாரே" என்று உண்மையாகவே கண்கலங்கினார். குளிப்பாட்ட வெளியே கொண்டுவந்து வாசலில் பெஞ்சில் கிடத்தினார்கள். மறைப்புப் பிடிக்கத் துணி கேட்டார் மயானத்து வேலை பார்க்கிறவர். யாரோ ஒரு போர்வையை எடுக்கப் போனார்கள். அதற்குள் அக்காவே உள்ளே போய் அந்த ஆறு சேலைகளையும் அள்ளிக்கொண்டு வந்தார்.

"நல்லா மறைச்சுப் புடிங்க. புண்ணு தெரியக் கூடாது" என்றார்.

தலைவர் ஒரு முனையைப் பிடித்தார். என் கணவர் ஒரு முனை. முன்புறத்தில் தொங்கக் கூடாது என்று தீர்மானம் போட்ட சேலைகளை அதே முன்புறத்தில், அதே வெயிலில், கை வலிக்க வலிக்க விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கும் எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. சேலைகள் ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் நிறமாக இருந்ததைக் குனிந்து பார்த்த டீச்சர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. ஆனால் அந்தச் சேலைகள் எதற்குத் தொங்கின என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெண்ணாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் மத்தியானம் திரும்பினார்கள். ஆற்றில் தலை முழுகிய ஈரத்தோடு வந்து, இழவு வீட்டு விளக்கைப் பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பெண்களும் தலைக்குக் குளித்தோம். இழவுக்குப் போய் வந்த துணியை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. மற்றத் துணியோடு சேர்ப்பதும் இல்லை. அப்படியே வாசலில் வாளியில் நனைத்து, அலசி, வெளியிலேயே காயவைக்க வேண்டும். எந்த வீட்டிலும் அதை மெஷினில் போட மனம் வரவில்லை. பின்பக்கம் போட வேண்டுமென்றால் வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும்.

ஆகவே மூன்று மணிக்கு எங்கள் நகர் எப்படி இருந்தது என்றால், இருபத்தோரு வீட்டு வாசலிலும் துணி தொங்கியது. கேட்டில் வேட்டி. காம்பவுண்டுச் சுவரில் சட்டை. பூச்செடியில் பனியன். தலைவர் வீட்டு கிரில்லில் அவர் மனைவியின் சேலை, பாவாடை, ஜாக்கெட் எல்லாம் வரிசையாக. மறைப்பு எதுவும் இல்லை. காரின் மேல்கூடத் துண்டு விரித்திருந்தார்கள். விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. யாருக்கும் ஞாபகமே இல்லை.

எங்கள் வீட்டில் கட்டுவதற்குக் கயிறு இல்லை. என் கணவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அங்க ஒண்ணு சும்மாதான தொங்குது" என்று அக்காவின் போர்ட்டிகோ ஆணியிலிருந்து நீலக் கயிற்றை எடுத்துவந்தார். எங்கள் கேட்டுக்கும் தூணுக்குமாகக் கட்டித் தன் வேட்டியைப் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு அக்கா அங்கே அதிக நாள் இருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பூம்புகார்ப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போனார். வீட்டை வாடகைக்கு விட்டார். இப்போது இருக்கிறவர்கள் துணியைக் காயவைத்தே கொடுக்கிற மெஷின் வைத்திருக்கிறார்கள். தீர்மானம் கூடத்தின் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது, கீழே கையெழுத்துகளோடு. என்னுடையது நாலாவது.

எல்லார் வாசலிலும் துணி தொங்கிய அன்றைக்கு நாலு மணி வாக்கில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. காற்றும் கிளம்பியது. மழைக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று கயிற்றிலிருந்து வேட்டியை உருவித் தோளில் போட்டுக்கொண்டேன். தெருவே பரபரவென்று துணி எடுத்துக்கொண்டிருந்தது.

"சுமதி."

அக்கா அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். எழுந்து மெதுவாகச் சுவரருகே வந்தார். எங்கள் வாசலில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். அது யாருடையது என்று கேட்கவில்லை. கையை நீட்டி, என் தோளில் கிடந்த வேட்டியின் நுனியை இழுத்து, கண்ணை மூடி, வலது கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஈரமாத்தான் இருக்கு. மேகம் அந்தாண்ட போயிடும், இங்க பெய்யாது. அவசரப்பட்டு உள்ள கொண்டு போயிடாத" என்றார். "உள்ள போட்டா காயாதும்மா."

நான் அந்த வேட்டியை அவர் கயிற்றிலேயே திரும்பப் போட்டேன்.